நானூற்று எண்பதும் வாப்பாவின் கடன் கொப்பியும்

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. "இந்தப் புள்ளியை ஏற்கிறீர்களா, இரத்துச் செய்கிறீர்களா?" பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தீர்மானிக்க இரண்டே நிமிடங்கள். மேலே என் புள்ளி: 480.

எண்ணூறுக்கு நானூற்று எண்பது என்றால் பாதிக்கு மேலே இருக்கிறதே என்று யாரும் நினைக்கலாம். அந்தப் பரீட்சையில் அப்படி இல்லை. அங்கே ஆகக் குறைந்த புள்ளியே 200. உலகெங்கும் அதை எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் அதிகமானோர் என்னை விட மேலே நின்றார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

நான் "ஏற்கிறேன்" என்பதை அழுத்தினேன். வாசிக்கும் சகோதரிகள் இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொரு தடவை எழுதக் கையில் காசு இல்லை. அவ்வளவுதான்.

அது 2022 ஜூன் மாதம். அந்த வருடத்தை இலங்கையில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. எரிவாயு சிலிண்டருக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு இன்னொரு வரிசை. அந்த நேரத்தில் அக்குறணையில் ஒரு வீட்டின் பின்னறையில், சார்ஜ் லைட்டை மேசையில் வைத்துக்கொண்டு, நான் ஜீமெட் என்ற பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ரமழான் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. தராவீஹ் முடிந்து எல்லோரும் உறங்கிய பிறகு ஸஹர் வரை படிப்பேன்.

"இந்த நேரத்தில இந்தப் படிப்பு என்னத்துக்கு மகள்?" என்று உம்மா கேட்பார். கேள்வியில் கோபம் இல்லை. எனக்கு இருபத்தொன்பது வயது. எனக்குப் பிறகு ஒரு தங்கச்சி இருக்கிறாள். உம்மாவின் கவலை எதைப் பற்றியது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஏன் படிக்க விரும்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துப் பட்டம் பெற்று, கண்டியில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். களஞ்சியம் நிறையச் சரக்கு இருந்தது. வெளிநாட்டில் வாங்க ஆளும் இருந்தது. ஆனாலும் நிறுவனம் தள்ளாடியது. பொதி செய்யும் பைக்கு டொலர் இல்லை, லொறிக்கு டீசல் இல்லை. கையில் பொருளை வைத்துக்கொண்டு ஒரு வியாபாரம் எப்படி மூச்சுத் திணறுகிறது என்பதைத் தினமும் கணக்குப் புத்தகத்தில் பார்த்தேன். எழுத மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, வழி சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறைதான் என்னை எம்.பி.ஏ. படிப்பின் பக்கம் திருப்பியது. மலேசியாவில் உள்ள இரண்டு கல்லூரிகளைத் தெரிவு செய்தேன். இரண்டுக்கும் ஜீமெட் புள்ளி அனுப்ப வேண்டியிருந்தது.

பரீட்சைக் கட்டணம் 250 டொலருக்கு மேல். ரூபாவில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. கட்டாரில் இருக்கும் நானா தன்னுடைய கார்டினால் கட்டினார். வாப்பாவும் நானும் கண்டியிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்து, தெமட்டகொடையில் சாச்சி வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் பரீட்சை நிலையத்துக்குப் போனோம்.

எனக்கு விழுந்த அடி எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணிதம் ஓரளவு வந்தது. ஆங்கிலப் பகுதியில்தான் விழுந்தேன். அப்போதிருந்த முறையில் அந்தப் பகுதிக்கு 36 கேள்விகள், 65 நிமிடங்கள். நீண்ட பந்திகளை வாசித்து விடை சொல்ல வேண்டும், வாக்கியங்களில் பிழை திருத்த வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்தவள் நான். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தாலும், ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் "காதுக்குச் சரியாக" விழுகிறது என்று சொல்லும் காது எனக்கு இல்லை. ஒரு கேள்விக்கு விடையளிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. போன கேள்விக்குத் திரும்பி வரவும் முடியாது. நாம் தரும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தெரிவு செய்யும். இரண்டு பந்திகளில் நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி எட்டுக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டேன்.

ரயிலில் திரும்பி வரும்போது வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. பேராதனை தாண்டும்போது, "பசிக்கல்லையா மகள்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மிக இலகுவாகப் பேசினார். "480ஐப் பற்றி நீங்க ஒண்டும் பேச வேணாம். கட்டுரையை எங்கட ஆள் எழுதித் தருவார், நல்ல இங்லிஷ். உங்கட கம்பனியில 'கணக்கு முகாமையாளர்' எண்டு ஒரு கடிதம் மட்டும் எடுத்துக்கொண்டு வாங்க."

"நான் முகாமையாளர் இல்லையே" என்றேன்.

"யார் போய்ப் பார்க்கப் போறாங்க தங்கச்சி? எல்லாரும் செய்யிறதுதானே."

உண்மையைச் சொன்னால், நான் எழுந்து வந்துவிடவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். கடிதத்தின் வாசகத்தைக்கூட பஸ்ஸில் மனதுக்குள் அமைத்துக்கொண்டு வந்தேன். முதலாளி நல்ல மனிதர், கேட்டால் ஒப்பமிட்டுத் தந்துவிடுவார். முகாமையாளர் செய்யும் வேலையைத்தானே நானும் செய்கிறேன் என்று எனக்கு நானே வழக்காடினேன். பொய் முதலில் நம்மிடம்தான் அனுமதி கேட்கிறது. நாம் அதற்கு விரைவாகவே அனுமதி கொடுத்துவிடுகிறோம்.

அன்று இஷாவுக்குப் பிறகு வாப்பா கடைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுடையது அக்குறணை நகரில் ஒரு பலசரக்குக் கடை. பிங்கா ஓயா பெருகும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் உள்ளே வரும். சீனி மூடைகளைத் தூக்கி மேலே போடுவதும் பிறகு சேற்றைக் கழுவுவதும் எங்களுக்குப் பழகிய வேலை. வாப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவருடைய கடன் கொப்பியில் ஒரு சதம் பிழைத்ததில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடித விஷயத்தையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கொப்பியைப் புரட்டி இரண்டு பக்கங்களை எனக்குக் காட்டினார்.

"இந்தப் பக்கத்தைப் பாரு. இவர் பதினெட்டாயிரம் தரணும். என்னைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கத்தால போறார். இது நம்மட மேசன்பாஸ். இவர் முப்பத்திரண்டாயிரம் தரணும். கூடக் கடன் இவருக்குத்தான். ஆனா ஒவ்வொரு மாசமும் கடைக்குள்ள வந்து, 'ஹாஜியார், இந்த மாசம் வேலை இல்ல, ஆயிரம்தான் ஈக்குது' எண்டு செல்லிட்டுத் தந்துட்டுப் போவார். போன தடவை தண்ணி வந்து கடையில பாதிச் சாமான் போன நேரம், ஈந்த அரிசியில நான் கடனுக்குக் குடுத்தது யாருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

"கடன் ஈக்கிறவன் கூடாதவன் இல்ல மகள். எல்லாருக்கும் ஒரு கடன் ஈக்கும். ஒளியிறவனுக்குத்தான் சாமான் குடுக்கப் பயம். உங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில 480 எண்டு ஒரு கடன் ஈக்குது. அவங்க கேக்க முந்தி நீங்க போய்ச் செல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கொப்பியை மூடிவிட்டுத் தேநீர் கேட்டார்.

அந்த இரவு இஸ்திகாராத் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது, பரீட்சைக்காகப் படித்த ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. ஜீமெட்டில் ஒரு வகைக் கணக்கு உண்டு. அதில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கூற்றுக்களைத் தந்து, விடை காண இவை போதுமா என்று மட்டும் கேட்பார்கள். உதாரணமாக, ஒரு கடையில் அரிசியும் சீனியுமாக 50 மூடைகள். சீனி எத்தனை மூடை? முதலாம் கூற்று: அரிசி, சீனியைப் போல நான்கு மடங்கு. இரண்டாம் கூற்று: சீனி 20 மூடைக்குக் குறைவு. முதலாவது கூற்று மட்டும் போதும், சீனி பத்து மூடை என்று சொல்லிவிடலாம். இரண்டாவது கூற்றும் உண்மைதான். ஆனால் அது மட்டும் இருந்தால் எதையும் தீர்மானிக்க முடியாது.

என்னுடைய 480 அந்த இரண்டாவது கூற்றைப் போன்றது. அது பொய் இல்லை. நான் குறைவு என்று அது சொல்கிறது. எதில் குறைவு, எவ்வளவு குறைவு, வேறு எது என்னிடம் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. அதை மறைப்பது என் வேலை அல்ல. அதனுடன் சேர்த்து வாசிக்க இன்னொரு கூற்றைக் கொடுப்பதுதான் என் வேலை.

பிறகு செய்தவற்றை, இதே நிலையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கல்லூரிகள் கேட்பதை ஆறுதலாக வாசித்தேன். பல கல்லூரிகள் தாம் சேர்த்துக்கொண்ட மாணவரின் சராசரிப் புள்ளியை வெளியிடுகின்றன. சில, நடுவில் நிற்கும் எண்பது வீதத்தினரின் புள்ளி எதிலிருந்து எது வரை என்றும் சொல்கின்றன. சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் எடுபட்டிருக்கிறார்கள் என்பதுதானே பொருள்? ஆனால் ஒரு கல்லூரியின் ஆகக் கீழ் எல்லைக்கும் நான் எட்டாவிட்டால், அங்கே விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்குவதில் பயனில்லை. ஆசைக்காகச் சேர்த்து வைத்திருந்த வேறு பெரிய பெயர்களைப் பட்டியலிலிருந்து வெட்டினேன்.

இரண்டாவது, பரீட்சை எதைச் சந்தேகிக்கிறதோ அதற்கு வேறு சான்று தேடினேன். பட்டப்படிப்பில் புள்ளிவிபரவியலிலும் நிதி முகாமைத்துவத்திலும் எடுத்த பெறுபேறுகள் இருந்தன. கணக்காளர் தொழிற்பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதிச் சித்தியடைந்த பாடங்கள் இருந்தன. வெளிநாட்டு வாங்குநர்களுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களை முதலாளி அறிவார். அவரிடம் பதவியை உயர்த்தி எழுதச் சொல்லாமல், நான் செய்ததை அப்படியே எழுதித் தரும்படி கேட்டேன். அவர் எழுதிய கடிதத்தில் "கணக்கு உதவியாளர்" என்றுதான் இருந்தது. ஆனால் சரக்கு தேங்கிய மாதங்களில் எந்தக் கொள்வனவை முதலில் நிறுத்தலாம் என்று நான் போட்டுக் கொடுத்த அட்டவணையைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தார். முகாமையாளர் என்ற சொல்லை விட அந்தப் பந்தி எனக்குப் பெறுமதியானது.

மூன்றாவது, விண்ணப்பத்தில் "வேறு ஏதும் கூற விரும்பினால்" என்றொரு இடம் இருந்தது. அதில் நானே எழுதினேன். மின்வெட்டைப் பற்றி எழுதவில்லை. அந்த வருடம் மின்சாரம் இல்லாமல் படித்து என்னை விட நன்றாக எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். "என் புள்ளி 480. ஆங்கில வாசிப்பில் நான் மெதுவானவள். கணக்கில் அப்படியல்ல என்பதற்குப் பின்வரும் சான்றுகள் உள்ளன. வாசிப்பைச் சீராக்க இன்னது செய்துவருகிறேன்." ஏழெட்டு வரிகள். இலக்கணம் பார்க்க ஓர் ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு இடங்களில் திருத்தினார், மற்றதை விட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் ஸுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில் வாசிப்பதென்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டதால் அதைச் செய்தே ஆக வேண்டியதாயிற்று.

முதல் கல்லூரி மூன்று வரியில் மறுத்தது. இரண்டாவது கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்தது. அந்த நாட்களில் மின்வெட்டுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து இருந்தது. அன்று மாலை எங்கள் பகுதியின் முறை. சார்ஜ் குறையும் மடிகணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் பேராசிரியர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "உங்கள் புள்ளி குறைவு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு வாரத்தில் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும். சமாளிப்பீர்களா?"

"மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் எனக்கு ஒன்றரை தேவைப்படும். அந்த அரை மணித்தியாலத்தை நான் ஏற்கனவே ஒதுக்கத் தொடங்கிவிட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மிளகு ஏற்றுமதியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அதற்கு என்னால் ஒரு மணித்தியாலம் பேச முடியும்.

இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். உதவிப் பணம் கிடைக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ரூபா அன்று நின்ற நிலையில் அந்தக் கட்டணம் எங்கள் வீட்டின் தலைக்கு மேலே போய்விட்டது. வங்கிக் கடன் எடுக்கலாம் என்றார்கள். வட்டிக்கு எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் பேச்சுக்கு வராத விடயம். வாப்பா ஒரு துண்டுக் காணியை விற்கிறேன் என்றார். அது தங்கச்சிக்கு என்று வைத்திருந்த காணி. நான் வேண்டாம் என்றேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

2023இல் கொழும்பில் ஓர் அரச பல்கலைக்கழகத்தின் வார இறுதி எம்.பி.ஏ. வகுப்புக்கு விண்ணப்பித்தேன். அங்கும் அனுமதிப் பரீட்சை இருந்தது, நேர்முகம் இருந்தது. கட்டணம் ரூபாவில், தவணை முறையில். பரீட்சையில் நான் ஒன்றும் பிரகாசிக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் இருக்க, ஒருவர் விலகிக்கொண்டதால் எனக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமைகளில் ஸுபஹ் தொழுதுவிட்டு பஸ் ஏறுவேன். வாப்பா சந்தி வரை வந்து ஏற்றிவிடுவார். முதல் தவணையில் வாசிப்பு என்னை நசுக்கியது. ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்னது குறைந்த மதிப்பீடு, இரண்டு தேவைப்பட்டது. புள்ளி காட்டிய குறை உண்மையான குறைதான் என்பதை அந்த மாதங்களில் ஒப்புக்கொண்டேன். 2025இல் படிப்பை முடித்தேன். இப்போது அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன். பதவி மாறியிருக்கிறது. முதலாளி தானாகவே மாற்றியது.

அந்தப் பரீட்சையும் இப்போது மாறிவிட்டது. 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது, 2024 ஜனவரியோடு பழையது நின்றது. என்னை விழுத்திய வாக்கியத் திருத்தம் அதில் இல்லை. ஒரு பகுதியை முடித்ததும் திரும்பிச் சென்று மூன்று விடைகள் வரை மாற்றவும் இடம் இருக்கிறது. புள்ளி 205இலிருந்து 805 வரை. ஆகவே பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒப்பிட்டு யாரும் மனம் சோர வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

உயர்தரப் பெறுபேறு வந்த வாரங்களில் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் சிலர் இஸட் புள்ளித் தாளோடு என்னைத் தேடி வருகிறார்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள். தாய்மார் பக்கத்தில் இருந்து, "ராத்தா கிட்ட செல்லுங்க மகள்" என்பார்கள். பிள்ளை தாளை மடித்து மடித்துக் கைக்குள் வைத்திருப்பாள். நான் முதலில் அந்தத் தாளை விரித்து மேசையில் வைக்கச் சொல்வேன். பிறகு, இதனுடன் சேர்த்து வைக்க உன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பேன். சில வேளை ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் தேடத் தொடங்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவதில் அர்த்தமில்லை என்று மத்ரஸாவில் படித்தவர்கள்தானே நாம்.

அந்த ஆலோசனை அலுவலகத்தின் படிவம் இன்னும் நிரப்பப்படாமல் என் இலாச்சியில் கிடக்கிறது. அதன் அடியில் 480 என்ற தாளும் இருக்கிறது. ஜீமெட் புள்ளி ஐந்து வருடம் செல்லும், 2027 ஜூனில் அது காலாவதியாகும். மேசன்பாஸின் கடன் மட்டும் இன்னும் முடியவில்லை. போன மாதமும் கடைக்குள் வந்து, இவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரண்டாயிரம் தந்துவிட்டுப் போனாராம். வாப்பா கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஒளியாமல் நிற்கும் தைரியத்தை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. எனக்கும் தருவானாக, ஆமீன்.